பொட்டுக்கிடா

நஜ்முதீன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வரும்போதே முருகம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குச் செவலை ஆடு போய்விடும் என்று. பட்டிக்குள் குனிந்து புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. விளக்குமாறு மட்டும் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டியது.

புரட்டாசி முடியப் போகிறது, ஒரு சொட்டு மழை இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற ரோட்டில் இருக்கிற அந்தச் சின்ன ஊருக்கு மேல் வானம், தேய்த்துக் கவிழ்த்த அலுமினியச் சட்டி மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஆடுகள் ஒன்றின் வயிற்று நிழலில் ஒன்று தலையைக் கொடுத்து நின்றன. பொட்டுக்கிடா மட்டும் தள்ளி நின்றது. வெள்ளை உடம்பில் செங்கல் நிறப் பொட்டுகள். முறுக்கிச் சுருண்ட கொம்பு. அது தலையைத் திருப்பினால் பார்க்கிறவனும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான்.

“எல்லாம் மலடா அண்ணாச்சி?” என்று கேட்டான் நஜ்முதீன். சங்கரன்கோவிலில் கறிக்கடை வைத்திருக்கிறவன்.

முருகம்மாளின் புருஷன் மூக்காண்டி துரட்டிக் கம்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா முப்பிடாதியம்மாள் பேசினாள்.

“குட்டின்னு ஒண்ணைக் கண்ணால பாத்து ரெண்டு வருசம் ஆகப் போகுது. தின்னுதுக, பேளுதுக, அம்புட்டுத்தான். ஓட்டிட்டுப் போ.”

“பாத்தா நல்ல ஆடா இருக்கே ஆத்தா.”

“நல்லாத்தான் இருக்கும். மலட்டுக்குத்தானய்யா ஒடம்பு மினுங்கும்.”

சொன்னது ஆட்டை. பார்த்தது மருமகளை.

“செவலை முன்ன ரெண்டு ஈத்து போட்டிருக்கு அத்தை,” என்றாள் முருகம்மாள், தலை நிமிராமல்.

“நின்னு போச்சுன்னா மலடுதான். சும்மா கெட.”

செவலை அவளுடைய ஆடு. கல்யாணம் முடிந்து வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறும்போது அவள் அம்மா மடியில் தூக்கி வைத்த குட்டி. வழியெல்லாம் சேலையில் மூத்திரம் பெய்துகொண்டு வந்தது. பழைய கிடா இருந்தவரைக்கும் நன்றாகத்தான் ஈன்றது. அது செத்து, பொட்டுக்கிடா தலையெடுத்த பிறகுதான் பட்டியில் குட்டிச் சத்தம் ஓய்ந்தது. ஆனால் எந்த வீட்டிலும் முதலில் பெட்டையைத்தான் கழிப்பார்கள். மழை இல்லாததைச் சொன்னார்கள், புல்லைச் சொன்னார்கள், பெட்டைகளைச் சொன்னார்கள். ஆரம்பத்தில் ஒருதரம் கீழக்காட்டில் வேறு மந்தையோடு கலந்து மேய்ந்த ஆடு ஒன்று சினைப்பட்டபோது, அதுவும் பொட்டுக்கிடாவின் பெருமையாகப் போயிற்று. அப்படிப்பட்ட கொம்பை வைத்துக்கொண்டு நிற்கிற ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்?

நஜ்முதீன் கயிற்றை வீசினான். செவலை முருகம்மாளின் பின்னால் வந்து ஒண்டியது. மூக்காண்டிதான் அதைப் பிடித்துக்கொடுத்தான். பிடித்துக்கொடுக்கும்போது பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. மற்ற ஆடுகளோடு பிணைத்து ரோட்டில் இறக்கியபோது, அது ஒருதரம் திரும்பிக் கத்தியது. சைக்கிள் மணிச் சத்தத்தோடு அதுவும் தேய்ந்து போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே மாமியார் பேச்சை எடுத்தாள். முருகம்மாள் காணத்துவையலுக்கு அம்மியில் உட்கார்ந்திருந்தாள்.

“சிவகிரியில ஒரு பிள்ள இருக்காம். தகப்பன் கொத்த வேலைக்குப் போறவன். அவளுக்கடுத்து வரிசையாப் பொட்டப்பிள்ளைக. ரெண்டாந்தாரம்னாலும் குடுக்கேங்கான்.”

குழவி நின்றது.

“ஒன்னை ஒண்ணும் வெரட்டல ஏட்டி. நீ பாட்டுக்கு ஒரு பக்கம் கெட. ஆட்டைப் பாரு, களையெடுக்கப் போ. அவ பெத்துப் போடட்டும், நீயும் தூக்கி வளத்துக்கோ.”

“அவுகளுக்குச் சம்மதமா அத்தை?”

“அவன்கிட்ட என்ன கேக்க? வாயத் தெறந்து இதுவரைக்கும் எதைக் கேட்டிருக்கான் அவன்?”

அது நிஜம். மூக்காண்டி எதையும் கேட்டதில்லை. உப்பு இல்லாவிட்டாலும் கேட்க மாட்டான். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. திருவிழாவுக்குப் போனால் மறக்காமல் வளையல் வாங்கி வருவான். ராத்திரியானால் பட்டிக்காவல் என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான். மழைக்காலத்தில் வீட்டுக்குள் படுத்தால், சுவர்ப்பக்கம் திரும்பி, மூச்சுக்கூட அவள்மேல் படாதபடி கிடப்பான். ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா அது?

சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பிள்ளை வேண்டி அவள் எவ்வளவோ தின்றாகிவிட்டது. கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் இருக்கிற சக்கரக் குழியில் உட்கார வைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, பேயா பிசாசா என்று பார்த்தார்கள். திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனபோது, “வீட்டுக்காரர் வரலியா? அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாம்மா,” என்றாள். அதை வீட்டில் வந்து சொன்னதற்காக மாமியார் அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை ஒரே மூச்சில் வந்தது. கரிசல் குழைந்து, நடக்கிறவர்களின் காலில் ஆளுக்கொரு கல் கனத்துக்கு ஒட்டியது. தூக்குச்சட்டியில் கம்மங்கஞ்சியும், இலையில் மடித்த சீனியவரை வத்தலும் எடுத்துக்கொண்டு முருகம்மாள் மேய்ச்சல் காட்டுக்குப் போனாள். வழக்கமாக மூக்காண்டி காலையிலேயே எடுத்துப் போய்விடுவான். அன்றைக்கு மழையில் மறந்துவிட்டான்.

தூரத்திலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ வழிப்போக்கன் என்றுதான் நினைத்தாள். உடைமரத்தடியில் ஒரே சாக்கை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் துரைப்பாண்டி, மேலத்தெருக்காரன், கொஞ்சம் ஆடு வைத்துக்கொண்டு சின்ன வயதிலிருந்தே மூக்காண்டியோடு சேர்ந்து மேய்க்கிறவன். சிரித்தது மூக்காண்டி. அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்ததே இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளைப் போல் அவள் ஒரு புதருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் கிடாவைப் பார்த்தாள்.

மிச்சமிருந்த பெட்டைகளில் ஒன்று பருவத்துக்கு வந்திருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு பொட்டுக்கிடாவின் முன்னால் போய் நின்றது, உரசியது, சுற்றி வந்து மறுபடியும் நின்றது. கிடா அதைத் தாண்டி, ஒரு கல்லைத் தாண்டுவது போலத் தாண்டிப் போயிற்று. அங்கே துரைப்பாண்டியின் கருங்கிடா மேய்ந்துகொண்டிருந்தது. கறிக்காகக் குட்டியிலேயே காயடித்து வளர்த்தது. பொட்டுக்கிடா அதன் கழுத்தை மோந்தது. முன்னங்காலால் மெல்லத் தட்டியது. பிறகு அதன்மேல் ஏறியது. கருங்கிடா விலகவில்லை, மிரளவில்லை. காதை மடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றது. இறங்கிய பிறகு இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிப் படுத்துக்கொண்டன.

துரைப்பாண்டி எறிய ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தான். “ஏலே மூக்கா, பட்டப்பகல்ல இப்படிச் செஞ்சா ஒரு நாளைக்கு யாராவது பாக்கத்தான போறான்.”

“விடுலே. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

அந்தக் குரலில் புதிதாக ஒன்றைக் கண்டவனின் திகைப்பு இல்லை. முருகம்மாளுக்கு முதலில் உறைத்தது அதுதான். இவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

அவள் வருவதைப் பார்த்ததும் துரைப்பாண்டி எழுந்து, “வாங்க மதினி,” என்று சொல்லிவிட்டு, ஓடாத ஆட்டைத் திருப்பப் போனான். மூக்காண்டி கஞ்சியை வாங்கிக்கொண்டான். அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“தெரிஞ்சும் செவலைய எதுக்கு வித்திய?”

அவன் வத்தலைக் கடித்தான். மெல்லவில்லை.

“கேக்கேன்லா.”

“கிடா இப்படின்னு சொன்னா அன்னைக்கே இதை அறுத்திருப்பாவ.”

“அதுக்கு என் ஆட்டை அறுக்கக் குடுத்திய.”

“என்னய என்ன செய்யச் சொல்லுத முருகு? அடிச்சிப் பாத்தேன். பெட்டையோட தனியாக் கட்டிப் போட்டுப் பாத்தேன். தீனி எடுக்காம கெடந்துச்சி. தாயில்லாக் குட்டி, துணியத் திரிச்சிப் பால் குடுத்து நான் வளத்தது. அதுக்குப் பொறவியே அப்படி. வேணும்னா செய்யுது? அது மேல என்ன தப்பு இருக்கு, சொல்லு.”

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கண் கலங்கியிருந்தது. அந்தக் கண் கிடாவின்மேல் இல்லை. நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சகதியில் வழுக்கி வழுக்கி வரப்பேறிக்கொண்டிருந்த துரைப்பாண்டியின்மேல் இருந்தது. முருகம்மாள் அந்தப் பார்வையின் கூடவே போய், அது நின்ற இடத்தில் நின்று, திரும்பி வந்தாள். இத்தனை வருடமும் சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகு அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. குளிர்தான் எடுத்தது.

“சிவகிரிக்காரிய வேண்டாம்னு சொல்லிருங்க.”

“எப்படிச் சொல்ல?”

“வாயத் தெறந்து.”

“என்னன்னு சொல்ல முருகு?”

அவள் தூக்குச்சட்டியை மூடி எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

துரைப்பாண்டி சொன்னபடியே ஆயிற்று. உரத்துக்காக ஆடுகளைத் தன் வயலில் அடைக்கச் சொல்லியிருந்த பிச்சையா, விடியற்காலம் தண்ணீர் பார்க்கப் போனவர், கிடாவைப் பார்த்துவிட்டார். வெயில் ஏறுமுன் டீக்கடையில் அதுதான் பேச்சு.

“வே, நாங்கூட சண்டைக்கு நிக்கின்னு வெலக்கப் போனேம்வே. போனா, சண்டையில்ல, சம்மந்தம்!”

டீக்கடை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஆபரேஷன் செய்துகொண்டால் வாளி தருகிறோம் என்று குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த வருடம் அது. பஸ் நிறுத்தத்துச் சுவரில் சிவப்பு முக்கோணம் புதிதாக எழுதியிருந்தார்கள்.

“சர்க்காருக்குத் தோதான கிடாவால்லா இருக்கு. கொம்புல செவப்பு முக்கோணம் வரஞ்சி ஜீப்புல ஏத்தி விடுங்கவே.”

“ஒரு பிளாஸ்டிக் வாளி குடுப்பான், மூக்காண்டி வாங்கிக்கிடட்டும்.”

“வளக்கவன் எப்படியோ, அப்படித்தானவே ஆடும் இருக்கும்.”

இதைச் சொன்னது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. மூலையில் துரைப்பாண்டி கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். மிச்ச டீயைத் தரையில் ஊற்றிவிட்டு, கிளாஸை மெதுவாக வைத்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் சிரிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இதையெல்லாம் பிச்சையாவின் பெண்டாட்டி வந்து மாமியாரிடம் சொன்னபோது முருகம்மாளுக்குள் ஒரு சின்ன நப்பாசை தலைதூக்கியது. பெட்டைமேல் குறை இல்லை என்று இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதே. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

“பாவம் அத்தை, செவலைய அநியாயமா மலடுன்னு சொல்லிட்டோம்.”

முப்பிடாதியம்மாள் முறத்தில் மொச்சை புடைத்துக்கொண்டிருந்தாள். கை அந்தரத்தில் நின்றது. முறத்திலிருந்து இரண்டு மொச்சை உருண்டு போய்ச் சுவரோரம் நின்றன. மருமகளை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, அடிக்கப் போகிற மாதிரியும் இருந்தது.

“ஆட்டுக் கதைய ஆட்டோட விடு முருகம்மா. மனுசரோட கொண்டாந்து சேக்காத.”

பிறகு முறத்தை ஓங்கித் தட்டினாள். “வார ஞாயித்துக்கெழமை சிவகிரிக்காரவுகள வரச் சொல்லுதேன். அன்னைக்கே வெத்தலை மாத்திருவோம். சாப்பாட்டுக்கு அந்தக் கிடாவ அறுத்திருவோம். ரெண்டு பேச்சும் ஒரே நாள்ல அடங்கட்டும்.”

மூக்காண்டி அன்றுதான் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டான்.

“கிடாவ மட்டும் விட்டுரும்மா. சந்தையில குடுத்திருதேன். கண்காணாமப் போயிரும்.”

“இந்தப் பேரோட எவன்ல வாங்குவான்?”

“வேற ஏதாவது ஆட்டை...”

“ஏலே.” அவள் குரல் தாழ்ந்தது. “இதை நீ வெளியே போய் கேட்டுக்கிட்டு நிக்காத. பாக்கவன் என்ன நெனப்பான்?”

அவன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பட்டிக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பொல்லென்று விடிந்தது. மழை வெறித்து, தூரத்தில் மலை கழுவிவிட்ட மாதிரித் தெரிந்தது. சிவகிரியிலிருந்து தகப்பன், தாய், ஒரு தாய்மாமன் வந்திருந்தார்கள். கோவிலுக்கும் போய்க்கொள்ளலாம் என்று பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்கள். கோமதி என்று பேர். ஒடிசலாக, கழுத்தெலும்பு தெரிய இருந்தாள். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடுக்களைக்குள் நுழைந்து, “குடுங்கக்கா, உள்ளி உரிக்கேன்,” என்று அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கொல்லையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். சாமிக்கு இல்லாவிட்டாலும், மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பை உதறிச் சம்மதம் சொன்ன பிறகுதான் அந்த ஊரில் அறுப்பார்கள். பிச்சையா தண்ணீர் தெளித்தார். பொட்டுக்கிடா உதறவில்லை. ஒரு செம்பு காலியாயிற்று. இரண்டாவது செம்பும் காலியாயிற்று. சொட்டச் சொட்ட, அசையாமல் நின்றது. மேலத்தெருவில் துரைப்பாண்டி வீட்டில் கட்டிக் கிடந்த கருங்கிடா கத்துவது கேட்டது.

“மாப்பிள்ளைய வரச் சொல்லுங்கப்பா. வளத்த கைக்குத்தான் படியும்.”

மூக்காண்டி புதுவேட்டியோடு வந்தான். கிடா அவனைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. அவன் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தான். வைத்ததுதான் தாமதம், தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலுப்பித் தண்ணீரை உதறியது. அவன் வேட்டியெல்லாம் மஞ்சள் தெறித்தது.

“குடுத்துட்டுடோய்!” என்று ஆட்கள் கத்தினார்கள்.

முருகம்மாள் அடுக்களைக் கதவைச் சாத்தினாள். சத்தத்தைச் சாத்த முடியவில்லை.

கோமதி குனிந்தபடியே கேட்டாள்: “அக்கா, எம்மேல உங்களுக்குக் கோவம்தான?”

“ஒம்மேல எனக்கு என்ன கோவம்?”

“எனக்கும் வர இஷ்டமில்லக்கா. இருந்தாலும் எனக்கு அடுத்து மூணு பேர் நிக்காளுக.”

முருகம்மாள் உரலில் கிடந்த மல்லியையே பார்த்தாள். சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். சொன்னால் இந்தப் பிள்ளை தப்பிப்பாள். அந்த வாக்கியம் அடுக்களையை விட்டு வெளியே போய், டீக்கடைக்குப் போய், பிச்சையாவின் வாய்க்குப் போகும். கொல்லையில் ஒருவன் என்னமோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கிடாவின் தோலை உரிக்கும்போதும் சிரிக்கிறார்கள். மஞ்சள் தெறித்த வேட்டி அவள் கண்ணில் நின்றது.

“வேண்டாம்னு சொல்லிரு ஏட்டி,” என்றாள், குரல் எழும்பாமல். “இந்த வீடு வேண்டாம்.”

“ஏங்க்கா?”

“சொல்ல முடியாது. சொல்லிரு.”

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். உள்ளி உரித்த கண்ணீர் கன்னத்தில் இருந்தது. அந்தப் பார்வையில் முருகம்மாள் தன்னைப் பார்த்தாள்: புருஷனைப் பங்கு கொடுக்க மனசில்லாத மூத்தாள். மசாலை அரைத்து, கறியை அலசி, கொதிக்கிற எண்ணெயில் போட்டாள்.

பந்தியில் மூக்காண்டியைச் சிவகிரிக்காரர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். முப்பிடாதியம்மாள் ஈரலைத் தேடி எடுத்து அவன் இலையில் வைத்தாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“தின்னுல. எல்லாரும் பாக்காவ.”

அவன் எடுத்து வாயில் போட்டான். மென்றான். தாய்மாமன், “கறி நல்லாப் பூ மாதிரி வெந்திருக்கு,” என்றார். மூக்காண்டி தலையாட்டினான். இலையில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

சாப்பாடு முடிந்து, உள்ளே வெற்றிலைத் தட்டு தயாராகிக்கொண்டிருந்தபோது, கைகழுவ வந்த கோமதி கொல்லைக் கதவருகில் நின்றாள். முருகம்மாள் சருவச்சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொல்லை முருங்கைக் கிளையில் பொட்டுக்கிடாவின் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே, எப்படிக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்ததோ, கருங்கிடா நின்றது. ரத்தம் ஊறின மணலை மோந்து பார்ப்பதும், மேலே தோலைப் பார்ப்பதுமாக நின்றது. மூக்காண்டி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். கிடாவைத் தேடி வந்த துரைப்பாண்டி அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தான். பிறகு தோள்துண்டால் அவன் வாயைத் துடைத்தான். மூக்காண்டி துரைப்பாண்டியின் முழங்காலில் தலையைச் சாய்த்தான்.

கோமதி பார்த்துக்கொண்டே நின்றாள். முருகம்மாள் அவளைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டுகிற கையைச் சேலையில் துடைக்க மறந்து அந்தப் பிள்ளை வெகுநேரம் நின்றாள். காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அவள் முகத்தில் தெரிந்தது.

“கோமதி, ஏ கோமதி! வா, தட்டு வாங்கணும்,” என்று அவள் தாய் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா,” என்றாள் கோமதி, கண்ணை எடுக்காமல். “அவுக கை நீட்டுவாகளா?”

“மாட்டாக.”

“குடிச்சிட்டு வந்து...”

“அதெல்லாம் கெடையாது.”

கோமதி கையைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அப்போ சரிக்கா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெயில் தாழ நஜ்முதீன் தோலுக்கு வந்தான். யாரோடும் பேரம் பேசாமல் சுருட்டிச் சாக்கில் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்தான். சைக்கிள் ரோட்டில் ஏறியபோது கருங்கிடாவும் ஏறியது. சைக்கிளின் பின்னாலேயே, கத்தாமல், ஒரே சீராக நடந்து போயிற்று. முருகம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். முப்பிடாதியம்மாளும் பார்த்தாள். துரைப்பாண்டியும் மூக்காண்டியும் வேலி ஓரத்தில் நின்றார்கள். ரோட்டின் வளைவுவரை அது தெரிந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை.